தேயிலைக்குத் திறந்த கடல்

(பள்ளிக்கரணையில் நடைபெற்ற திங்கள் கூட்டமொன்றில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



'எல்லைகள் திறக்கும் காலத்தில் இனமும் குடியுரிமையும்' என்பது எனக்குத் தரப்பெற்ற தலைப்பு. ஐரோப்பாவில் செங்கன் என்னும் சிற்றூரில் 1985-ஆம் ஆண்டு ஐந்து நாடுகள் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. இன்று அவ்வமைப்பில் 29 நாடுகள் உள்ளன. அவற்றின் எல்லைகளைப் பொதுவாகக் கடவுச்சீட்டு கேட்பாரின்றிக் கடக்கலாம். இதைக் காட்டி, "இனி நாடேது? இனமேது? எல்லாம் ஓருலகமே" என்று நம்முள் படித்தவர் சிலர் பேசுகின்றனர்.

அவர்களை ஒன்று கேட்கின்றேன். அங்கே எல்லையைத் திறந்தவர்கள் யார்? பிரெஞ்சுக்காரனுக்குத் தன் நாடு உண்டு, தன் மொழியில் ஆட்சி உண்டு, வாக்கும் உண்டு. அவன் எல்லை கடந்தாலும் அவற்றை இழப்பதில்லை. வீடுள்ளவன் கதவைத் திறந்து வைப்பது வேறு. வீடே இல்லாதவனிடம் கதவைப் பற்றிப் பேசுவது வேறு.

இங்கு வருமுன் நம்மில் பலர் தேநீர் பருகி வந்திருப்போம். அத்தேநீருக்குள் நம் இனத்தின் குடியுரிமை வரலாறு அடங்கியிருக்கின்றது.

வெள்ளைத் தோட்டத் துரைமார் இலங்கை மலைநாட்டில் முதலில் குளம்பியும், அது நோயுற்று அழிந்தபின் தேயிலையும் பயிரிட்டனர். காடு வெட்டவும் கொழுந்து கிள்ளவும் ஆள் வேண்டியிருந்தது. வறட்சியாலும் கடனாலும் குலக்கொடுமையாலும் நசுங்கிக் கிடந்த தமிழ்நாட்டுச் சிற்றூர் மக்களைக் கங்காணிமார் அழைத்துச் சென்றனர். மன்னார்க் கரையில் இறங்கிய அவர்கள், காட்டு வழியே மாத்தளை நோக்கி நடந்தனர். நோயிலும் பட்டினியிலும் வழியிலேயே மாண்டோர் பலர். 2023-இல் அவர்தம் வழித்தோன்றல்கள் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்து அந்த 200 ஆண்டு நினைவைப் போற்றினர்.

அன்று அவர்களிடம் கடவுச்சீட்டு கேட்டவர் எவர்? இரு கரையும் ஒரே வெள்ளையன் ஆட்சியில் இருந்தன. எல்லை அன்றே திறந்துதான் இருந்தது. உழைக்கும் கைகளுக்காகத் திறந்திருந்தது. அக்கைகளுக்கு உரியவரின் உரிமைக்காக அன்று.

1948-இல் இலங்கை விடுதலை பெற்றது. அவ்வாண்டே குடியுரிமைச் சட்டமும் வந்தது. தந்தையோ, தந்தைவழிப் பாட்டனும் பூட்டனுமோ அந்நாட்டில் பிறந்தமைக்குச் சான்று காட்டச் சொன்னது அச்சட்டம். தோட்டத்து வரிசைக் குடிலில் பிறந்தவனுக்கு யார் பிறப்புச் சான்று எழுதி வைத்தனர்? ஏறத்தாழ ஏழு இலக்கம் பேர் நாடற்றவர் ஆயினர். 1947 தேர்தலில் எழுவரை நாடாளுமன்றத்திற்கு அனுப்பிய அம்மக்கள், 1949-இல் வாக்குரிமையும் இழந்தனர். அன்று வடபுலத் தமிழ்த் தலைவருள் சிலரே அரசோடு நின்றனர் என்பதையும் மறைக்க வேண்டா. அதை ஏற்காது பிரிந்த செல்வநாயகம் 1949-இல் தமிழரசுக் கட்சியைத் தோற்றுவித்தார்.

பின்னர், 1964 அக்டோபர் 30-ஆம் நாள் சிரிமாவோ–சாத்திரி உடன்படிக்கை எழுந்தது. 9,75,000 பேர் என்று கணக்கிட்டனர். 5,25,000 பேர் இந்தியாவுக்கு. 3,00,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர்ப் பேசிக்கொள்வதாம்! 1974-இல் அவர்களையும் சரிபாதியாய்ப் பிரித்துக்கொண்டனர். ஆடுமாடு பங்கிடுவோர்கூடத் தாயையும் கன்றையும் பார்த்துப் பிரிப்பர். இங்கோ அம்மக்களின் சார்பாளர் ஒருவரும் அவ்வுடன்படிக்கையில் கையெழுத்திடவில்லை.

கப்பலேறி வந்தோருள் ஒரு பகுதியினர் நீலமலையில் அரசு அமைத்த தோட்டங்களில் மீண்டும் கொழுந்து கிள்ளினர். அங்கே அவர்கள் 'இந்தியத் தமிழர்', இங்கே 'சிலோன்காரர்'. இருநூறு ஆண்டு உழைத்தும் இரு கரையிலும் அயலார்!

இலங்கை 2003-இல் ஒரு சட்டம் செய்து, அங்கே எஞ்சியிருந்த மலையக மக்களுக்குக் குடியுரிமை தந்தது. ஆனால் 1983 கொடுமைக்குப்பின் கடல் கடந்து நம்மிடம் வந்தோர் நிலை என்ன? ஈழத் தமிழரும் மலையகத் தமிழருமாக ஏறத்தாழ 58,000 பேர் தமிழ்நாட்டு ஏதிலியர் தங்கிடங்களில் வாழ்கின்றனர். 2021-இல் அவற்றின் பெயர் 'மறுவாழ்வு முகாம்' என மாறிற்று. வாழ்வோரின் நிலை மாறவில்லை. நம் தெருவில் பிறந்து, நம் பள்ளியில் பயின்று, நம் மொழியையே பேசும் இளைஞன், குடியுரிமை கேட்கும் விண்ணப்பத்தில் 'சட்டத்திற்கு மாறாக வந்தவர் பிள்ளை' ஆகின்றான். 2004 திசம்பர் 3-க்குப்பின் இந்நாட்டில் பிறந்திருந்தாலும், பெற்றோருள் ஒருவர் அவ்வாறு வந்தவராயின் பிறப்பால் குடியுரிமை இல்லை என்பது சட்டம்.

2019-இல் இந்திய அரசு குடியுரிமைச் சட்டத்தைத் திருத்திற்று. பாக்கித்தான், வங்காளதேசம், ஆப்கானித்தான் என மூன்று நாடுகளைக் குறித்து, அங்கிருந்து வந்த ஆறு சமயத்தார்க்கு வழி திறந்தது. முசுலிமுக்கு அதில் இடமில்லை. ஈழத்திலிருந்து வந்தவன் எச்சமயத்தான் ஆயினும் இடமில்லை. 2025-இல் வந்த ஆணை, 2015 சனவரி 9-க்குள் இங்குத் தஞ்சமடைந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழரைக் கடவுச்சீட்டின்மைக்கான தண்டனையினின்று விலக்கிற்று. அவ்வளவே. தண்டியாமல் விடுவது குடியுரிமை ஆகுமா?

எல்லையைத் திறக்க இந்திய அரசுக்குத் தெரியாது என்று எண்ணாதீர். 1950 உடன்படிக்கைக்குப்பின் நேப்பாளத்தாரும் இந்தியரும் கடவுச்சீட்டின்றியே போய் வருகின்றனர். இலங்கையோடும் 1998-இல் கட்டற்ற வணிக உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பலும் விட்டனர். சரக்குக்கு வழியுண்டு, சுற்றுலா செல்வார்க்கும் வழியுண்டு. முகாமில் வாழ்பவனோ தாய் இறந்தாலும் இருநாட்டு ஆவணங்களுக்குக் காத்திருந்தே அக்கப்பலின் பக்கம் போக முடியும்.

தோழர்களே! இவ்விடத்தில் நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வியும் ஒன்று உண்டு. இதே பள்ளிக்கரணையில், சதுப்புநிலத்தின் ஓரம் எழும்பும் அடுக்குமாடிகளைக் கட்டுவோர் யார்? பீகார், ஒடியா, வங்க நாடுகளிலிருந்து வந்த எளியோர். அவர்களைக் கண்டு சினப்போர் நம்முள் உண்டு. கண்டிச் சிங்கள உழவனும் நம் மலையகத்தாரைக் கண்டு இப்படித்தான் சினந்தான். அவன் நிலத்தைப் பறித்தவன் துரை. அவன் வெறுத்ததோ கொழுந்து கிள்ளியவளை. அவ்வெறுப்பே பின்னர்ச் சட்டமாயிற்று. தமிழ் மண்ணில் ஆட்சிமொழியும் கல்விமொழியும் வேலையும் தமிழர்க்கு உரியனவாதல் வேண்டும் என்பதில் நமக்கு ஐயமில்லை. அவ்வழக்கை ஆள்வோரிடமும், கூலியைக் குறைக்க ஆள் இறக்குவோரிடமும் தொடுங்கள். செங்கல் சுமப்பவனிடம் தொடாதீர்கள். நமக்கு அங்கே இழைத்ததை நாம் இங்கே இழைப்போமாயின், மலையகத்துக்காகப் பேசும் தகுதியை இழப்போம்.

நாம் கேட்பது இரண்டு. சமயம் பாராமல், முகாம்களில் பிறந்து வளர்ந்தோர்க்கும், இந்தியா ஏற்பதாகக் கையெழுத்திட்ட மலையகக் குடும்பத்தார்க்கும், விரும்பினால், குடியுரிமை தருக. ஈழத்துக்கே திரும்ப விரும்புவோர்க்கு அவர்தம் நிலமும் ஆவணமும் கிடைக்க இலங்கையோடு பேசுக. எதை விரும்புவது என்பதை அவர்களே முடிவு செய்யட்டும். 1964-ஐப் போல் அவர்களைக் கேளாமல் இன்னொரு கணக்கு எழுத வேண்டா.

எல்லை திறப்பதை நாம் எதிர்க்கவில்லை. இந்தக் கடலை நம் முன்னோர் கடந்தது போல் வேறெவர் கடந்தார்? தேயிலை கடக்கும் கடலை, அதைக் கிள்ளியவளின் பேரனும் தலைநிமிர்ந்து கடக்கும் நாளே எல்லை திறந்த நாள் என்போம். அந்நாள் வரை, உங்கள் ஊருக்கு அருகிலுள்ள முகாமுக்கு ஒருமுறையேனும் செல்லுங்கள். அவர்தம் விண்ணப்பங்களை எழுத உதவுங்கள். அவர்களை ஏதிலியர் என்றழைப்பதை முதலில் நாம் நிறுத்துவோம்.