கல் நழுவும் மலையில் வழி தேர்தல்

பொதியமலை என்ற பெயரைக் கேட்ட அளவில், ஊரை விட்டு எத்தனை தொலைவு வந்திருந்தாலும், தமிழர் உள்ளம் மகிழ்கிறது. தாமிரபரணி பிறக்கும் அம்மலைத் தொடரில் எழுந்து நிற்கும் முடி அகத்தியர்கூடம். உயரம் 1,868 மீட்டர். 1850களில் திருவனந்தபுரம் வானாய்வுக்கூடத்தின் இயக்குநர் ஜான் ஆலன் பிரவுன் அம்மலைமீது ஓர் ஆய்வுக்கூடம் அமைத்துக் காந்த ஊசியின் அசைவுகளை ஆராய்ந்தார். திருவனந்தபுரத்தில் பணிபுரியும் என்போன்றோர்க்கு அது அண்டை வீட்டு மலை.

வனத்துறையின் அனுமதி பெற்று, மழை ஓய்ந்த தை, மாசி மாதங்களில், போணக்காட்டிலிருந்து புறப்பட வேண்டும். முதல் நாள் காட்டு வழியே அதிருமலை முகாம். மறுநாள், கயிற்றைப் பற்றி ஏறும் மொட்டைப் பாறைகளைக் கடந்து உச்சி.

சில ஆண்டுகளுக்கு முன் என் தமக்கை மகனுடன் அங்கே சென்றேன். ஓரிடத்தில் பாதை நெடிதாக வளைந்தது. வளைவின் நடுவே, மழைநீர் அரித்த ஓடைத் தடம் ஒன்று நேரே மேலேறியது. அரை மணி நேரம் மிச்சமாகும் என்று கருதி, வழிகாட்டி கவனியாத வேளையில் அதில் ஏறினேன். பையனும் பின்னே வந்தான். நான் கால் வைத்த கல் பெயர்ந்தது. தேங்காய் அளவுள்ள அக்கல், அவன் தோளுக்கு ஒரு சாண் அப்பால் மரத்தில் மோதிச் சிதறியது. "மாமா!" என்ற அவன் குரல் இன்றும் என் செவியில் உள்ளது.

வழிகாட்டி காணி இனத்து முதியவர். அவர் கடிந்துகொள்ளவில்லை. "சார், ஓடை கல்லு போற வழி. மனுசன் போற வழி முகடு" என்றார். மலையேற்றத்தின் இலக்கணமே இதில் அடங்கிவிட்டது அல்லவா?

நேயர்களே, தில்லியிலிருந்து இமயத்துக்கும், மும்பையிலிருந்து சஹ்யாத்திரிக்கும் செல்வோர் உங்களில் பலர் இருப்பீர்கள். ஏறுமுன் அடிவாரத்தில் நின்று சரிவை நன்கு நோக்குங்கள். பாசி படர்ந்து, இடையிடையே புதர் வேரூன்றிய கற்கள் நெடுங்காலம் அசையாதவை. பாசியின்றி வெளிறிக் கிடப்பவை அண்மையில் விழுந்தவை. அவ்வழி இன்னும் கற்கள் வரக்கூடும். உதிர்கற்கள் ஏறத்தாழ 35 பாகைச் சரிவில்தான் தங்கி நிற்கும். நம் பாதத்தின் சிறு அழுத்தமே அவற்றை நகர்த்தப் போதும். ஆதலின் பள்ளத்தை விடுத்து முகட்டைத் தேர்க. பள்ளத்தைக் கடந்தே தீரவேண்டுமாயின் ஒருவர் கடந்து ஒதுங்கிய பின்னரே அடுத்தவர் இறங்குக. ஒருவர்க்கு நேர் கீழே மற்றவர் நிற்றலாகாது. கல் பெயர்ந்தால் நாணாமல் உரக்கக் கூவுங்கள்.

இன்னொன்றும் உண்டு. ஏறும்போதே இறங்குவதை எண்ணிப் பாருங்கள். ஏறுகையில் எளிதாகத் தோன்றும் உதிர்கற்சரிவு, களைத்த காலுடன் திரும்புகையில் கொடியது. திரும்பி வர இயலாத வழி வழியே அன்று.

அன்று நாங்கள் ஓடையை விட்டு நீங்கி, வளைந்த பாதையிலேயே உச்சி சேர்ந்தோம். கிழக்கே நம் நெல்லைச் சீமை விரிந்து கிடந்தது. பையன் என் அருகில் நின்று அதைக் கண்டான். அரை மணி தாமதித்ததில் எங்களுக்கு ஓர் இழப்பும் இல்லை.