வரைந்தவர் பெயரும் நெய்தவர் பெயரும்
(தாத்தா இரட்டைமலை சீனிவாசன் நினைவாகக் காஞ்சிபுரத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தாத்தா இரட்டைமலை சீனிவாசன் நமது பழைய செங்கல்பட்டு மாவட்டத்துக் கோழியாளத்தில் பிறந்தவர். 1893இல் 'பறையன்' என்ற பெயரிலேயே பத்திரிகை தொடங்கியவர். பிறர் வசையாக வீசிய சொல்லை எடுத்துத் தலைப்பில் அச்சிட்டவர். அச்சு என்பது நம் மக்களுக்கு என்ன செய்யும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அதனால் அவர் நினைவு நாளில் அச்சைப் பற்றியே, அதிலும் அச்சிட்ட படங்களைப் பற்றியே பேசலாம் என்று முடிவு செய்தோம்.

இந்தத் தலைப்புக்கு எங்களைத் தள்ளியது எங்களுக்குள் நடந்த ஒரு சண்டைதான். ஆண்டுதோறும் நாம் ஒரு காலண்டர் போடுகிறோம். நீலக் கோட்டும் சிவப்புக் கழுத்துப்பட்டையும் கையில் சட்டப் புத்தகமுமாக அண்ணல் நிற்கும் அதே படம்தான் ஒவ்வோர் ஆண்டும். இந்த முறை ஓவியம் படிக்கும் தம்பி ஒருவர் எழுந்து, "இது ஓவியமே இல்லை, சந்தைச் சரக்கு. முகத்தில் உயிரே கிடையாது. விற்கிறது என்பதற்காகவே இதையே போட்டுக்கொண்டிருக்கிறோம்" என்றார். இன்னொரு தங்கை விடவில்லை. "விற்கிறது என்றால் ஜனங்களுக்குப் பிடித்திருக்கிறது என்றுதானே அர்த்தம்? ஜனங்களுக்கு ரசனை இல்லை என்று சொல்ல நீ யார்?" என்று கேட்டார். மூன்று கூட்டம் இதிலேயே கழிந்தது. இரண்டு பேர் பேச்சு வார்த்தையையே நிறுத்திக்கொண்டார்கள்.

இதே சண்டை நூறாண்டுக்கு முன்பே இந்த நாட்டில் நடந்திருக்கிறது. அதன் நடுவில் நின்றவர் ராஜா ரவிவர்மா. அவரைச் சுற்றி இரண்டு கட்சிகள் அன்றும் இருந்தன, இன்றும் இருக்கின்றன. அந்த வழக்கைக் கொஞ்சம் புரட்டிப் பார்த்தால் நம் வழக்குக்கு வழி கிடைக்கும் என்று நினைக்கிறோம்.

ரவிவர்மா 1848இல் திருவிதாங்கூரில், கிளிமானூர் அரண்மனையில் பிறந்தவர். ஐரோப்பிய எண்ணெய் வண்ண முறையில் புராணக் கதைகளை வரைந்தார். மகாராஜாக்கள் வாங்கினார்கள். அதோடு நின்றிருந்தால் அவர் பெயர் அரண்மனைச் சுவரோடு போயிருக்கும். 1894இல் பம்பாயில் ஓர் அச்சகம் தொடங்கினார். பிறகு அது லோணாவாலா பக்கம் போனது. அதை நடத்தி நஷ்டப்பட்டு, கடைசியில் ஃபிரிட்ஸ் ஷ்லைஷர் என்ற ஜெர்மானியரிடம் விற்றுவிட்டார். அச்சகம் அவர் கையை விட்டுப் போனது, படங்கள் நாடெங்கும் போயின. தாமரை மேல் நிற்கும் லட்சுமி, வீணையோடு அமர்ந்த சரஸ்வதி என்று இன்று நம் ஊர்ப் பட்டுக்கடை கல்லாவுக்குப் பின்னால் மாட்டியிருக்கும் படங்கள் அந்த வழியில் வந்தவைதான். கோவில்பட்டி கொண்டையா ராஜுவும் அவர் மாணவர்களும் வரைந்து, சிவகாசியில் அச்சான சாமிப் படங்களிலும் அந்தச் சாயல் உண்டு.

எதிர்க்கட்சி என்ன சொன்னது? ஆனந்த குமாரசாமியும் சகோதரி நிவேதிதாவும் கடுமையாகவே எழுதினார்கள். இது நாடகக் கொட்டகைப் பாவனை, தெய்வங்களைக் கூத்தாடிகளாக்கிவிட்டார், மேல்நாட்டுக் கைத்திறனைக் கடன் வாங்கியிருக்கிறார், இந்தியக் கலையின் ஆன்மா இதில் இல்லை என்பது அந்த விமர்சனத்தின் சாரம். ரசிகர் கட்சிக்கு ஒரே பதில்தான்: ஜனங்கள் காசு கொடுத்து வாங்கினார்கள்.

ரசிகர் கட்சி சொல்வதில் நமக்குப் பிடித்த ஒரு வாதம் இருக்கிறது. கோயில் கதவு நமக்கு மூடியிருந்த காலம் அது. மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நம்மவர்கள் நுழைந்தது 1939இல்தான். சென்னை மாகாணம் முழுமைக்குமான கோயில் நுழைவுச் சட்டம் 1947இல் வந்தது. அதற்கு ஐம்பது ஆண்டு முன்பே, சில காசுக்கு, யாரிடமும் உத்தரவு கேட்காமல், சாமியைச் சுருட்டி வீட்டுக்கு எடுத்துப்போக முடிந்தது. படம் விற்பவன் சாதி கேட்கவில்லை, காசு கேட்டான். சந்தைக்கு உள்ள ஒரே நல்ல குணம் அது. அதை நாம் மறைக்க வேண்டியதில்லை.

ஆனால் வீட்டுக்கு வந்த சாமி எப்படி வந்தது என்பதையும் பார்க்க வேண்டும். சிவந்த மேனி, பட்டுப் புடவை, உடல் நிறைய நகை. திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மேலாடை அணிவதற்காகப் பல பத்தாண்டுகள் அடிபட்டார்கள். 1859இல் மன்னர் அறிவிப்பு வந்தபோதும், உயர்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் வந்தது. அந்த ஆண்டு ரவிவர்மாவுக்கு 11 வயது. அதே மண்ணில் வளர்ந்த அந்தக் கைதான் பின்னாளில் நாட்டின் தேவிகளுக்கெல்லாம் புடவை உடுத்தியது. 1893ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஆண்டு ரவிவர்மாவின் படங்கள் சிகாகோ கண்காட்சியில் பரிசு பெற்றன. அதே ஆண்டு, அதே திருவிதாங்கூரில், அய்யன்காளி வில்வண்டி ஏறி, நமக்கு மறுக்கப்பட்ட பொதுச் சாலையில் போனார். அதே ஆண்டுதான் சென்னையில் தாத்தாவின் 'பறையன்' வெளிவந்தது. மூன்றும் ஒரே ஆண்டில் நடந்தவை. பள்ளிப் புத்தகத்தில் எது படமாக வந்தது, எது வரவில்லை என்று மாணவர்களே சொல்லுங்கள்.

குமாரசாமி கட்சி இதைக் கேட்கவில்லை. அவர்கள் கேட்டது இந்தியத்தன்மை இருக்கிறதா என்று. ரசிகர் கட்சியும் இதைக் கேட்கவில்லை. அவர்கள் கேட்டது எத்தனை பிரதி விற்றது என்று. சட்டத்துக்குள் யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று கேட்க இரண்டு கட்சியிலும் ஆள் இல்லை.

இப்போது படக்கதைக்கு வருவோம். காஞ்சிபுரத்துக்குப் படக்கதை புதிதல்ல. வைகுந்தப் பெருமாள் கோயில் திருச்சுற்றுச் சுவரைப் பாருங்கள். பல்லவர் வரலாற்றை வரிசை வரிசையாகக் கல்லில் கட்டம் கட்டிச் சொல்லியிருக்கிறார்கள். முடிசூட்டு, படை, போர், தூது எல்லாம் உண்டு. எட்டாம் நூற்றாண்டுப் படக்கதை அது. அரசன் பெயர் நமக்குத் தெரியும். உளி பிடித்தவர் பெயர் தெரியாது.

1967இல் ஆனந்த் பை 'அமர் சித்திரக் கதை'யைத் தொடங்கியபோது அதன் ஓவியர்களுக்குக் கண்முன் இருந்தது ரவிவர்மா வழி வந்த காலண்டர்தான். கோடிக்கணக்கில் விற்ற வரிசை அது. நம்மில் பலர் அதில்தான் ராமாயணம் படித்தோம். வெளுத்த தேவர்கள், கறுத்துத் தடித்த அசுரர்கள். படிக்கும் பிள்ளை தன் கையைப் பார்த்துவிட்டுப் பக்கத்தைப் பார்த்தால், தான் எந்தப் பக்கம் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த வரிசையிலேயே 1979இல் அண்ணலின் கதையும் வந்தது. அவரைப் பற்றி முதன்முதலாக அதில் படித்தவர்களும் உண்டு. அதையும் நன்றியோடுதான் சொல்கிறோம்.

2011இல் 'பீமாயணா' வந்தது. துர்காபாய் வ்யாம், சுபாஷ் வ்யாம் என்ற பர்தான் கோண்டு ஓவியர்கள் அண்ணலின் வாழ்க்கையை வரைந்தார்கள். கட்டம் போட்டு ஆட்களை அதற்குள் அடைக்க அவர்கள் சம்மதிக்கவில்லை. மென்மையான பேச்சுக்குப் பறவை வடிவம், சாதி வெறிப் பேச்சுக்குத் தேள் கொடுக்கு. பள்ளியில் தண்ணீர் மறுக்கப்பட்ட சிறுவனின் கதையில் உடம்பே மீனாகிறது. உலகம் பாராட்டிய நூல். சண்டை போட்ட அந்தத் தம்பி இந்த நூலைத்தான் கையில் வைத்துக்கொண்டு பேசினார். அவர் சொன்னது நியாயம்தான். நம் காலண்டர்ப் படத்தில் அந்தத் தேடல் இல்லை.

ஆனால் எங்கள் காலனியில், வாழ்நாளெல்லாம் தறிக்கு நூல் சுற்றிய ஓர் ஆயாவிடம் இரண்டு படத்தையும் காட்டினோம். 'பீமாயணா'வை நிதானமாகப் புரட்டிப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு" என்றார். பிறகு காலண்டரைத் தொட்டு, "ஆனா எனக்கு இவருதான் வேணும். கோட்டு போட்டுக்கிட்டு நிக்கிறாரு பாரு. எங்கப்பன் மேல்துண்டை இடுப்புல கட்டிக்கிட்டுத்தான்டா தெருவுல போவான்" என்றார்.

தோழர்களே, அதற்குப் பிறகு அந்தக் கோட்டைச் சந்தைச் சரக்கு என்று சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. ரவிவர்மா தேவிக்கு உடுத்திய பட்டும், பெயர் தெரியாத காலண்டர் ஓவியர் அண்ணலுக்கு அணிவித்த கோட்டும் ஒன்றல்ல. முன்னது ஏற்கெனவே உடுத்தியிருந்தவர்களின் உடை. பின்னது மறுக்கப்பட்டவர்கள் எடுத்து அணிந்த உடை. இரண்டும் மலிவு அச்சுதான், இரண்டும் நன்றாக விற்றவைதான். விற்பனைக் கணக்கு மட்டும் பார்த்தால் இந்த வேறுபாடு தெரியாது. கோடும் வண்ணமும் மட்டும் பார்த்தாலும் தெரியாது.

இனி நம் ஊர்ப் பட்டுக்கு வருகிறோம். 2008இல் பெரிய ஜவுளி நிறுவனம் ஒன்று சுமார் 40 லட்சம் ரூபாய் விலையில் ஒரு பட்டுப் புடவை செய்து, உலகிலேயே விலை உயர்ந்த புடவை என்று கின்னஸில் பதிவு செய்தது. அதன் முந்தியில் என்ன தெரியுமா? ரவிவர்மாவின் புகழ்பெற்ற இசைப் பெண்கள் ஓவியம். மைசூர் அரண்மனைக்காக வரைந்தது. நாட்டின் பல பகுதிப் பெண்கள் வாத்தியங்களோடு கூடியிருப்பார்கள். நாற்று நட்ட கை ஒன்றும் அந்தக் கூட்டத்தில் இல்லை. அவருடைய வேறு ஓவியங்களும் அந்தப் புடவையில் இடம்பெற்றன. நெசவாளர்கள் மாதக்கணக்கில் உட்கார்ந்து நெய்தார்கள். அந்தச் செய்திகளைத் தேடிப் படித்தோம். ஓவியர் பெயர் ஒவ்வொன்றிலும் இருந்தது. விலை இருந்தது. நகைக்கற்களின் பட்டியல் இருந்தது. நாங்கள் பார்த்த எதிலும் நெய்தவர் பெயர் இல்லை.

ஓர் ஓவியத்தைப் புடவையில் கொண்டுவருவது என்றால் சும்மா இல்லை. கட்டம் போட்ட தாளில் புள்ளி புள்ளியாக வரைந்து, அட்டையில் துளையிட்டு, ஜக்கார்டில் ஏற்றி, ஒவ்வோர் இழையாக ஊடையை ஓட்ட வேண்டும். தூரிகைக்காரர் தவறினால் மேலே இன்னொரு பூச்சு பூசிக்கொள்ளலாம். தறியில் தவறினால் பிரிக்க வேண்டும். பிரித்த நேரத்துக்குக் கூலி கிடையாது.

காஞ்சிப் பட்டின் தரம் என்று எல்லோரும் சொல்வது கோர்வையை. உடலும் கரையும் தனித்தனி நாடாவில் ஓடிக் கோத்து நிற்கும். துணி கிழிந்தாலும் கரை விடாது என்பார்கள். அப்படி நெய்ய நெசவாளிக்குப் பக்கத்தில் ஓர் உதவியாள் உட்கார்ந்து இன்னொரு நாடாவைத் தள்ள வேண்டும். பல வீடுகளில் அந்த உதவியாள், பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்காகப் பள்ளிக்குப் போகாத ஒரு பிள்ளையாக இருந்த காலம் உண்டு. 2003இல் மனித உரிமைகள் கண்காணிப்பகம் இந்தியப் பட்டுத் தொழிலில் கொத்தடிமைக் குழந்தைகள் பற்றி வெளியிட்ட அறிக்கையில் நம் காஞ்சிபுரமும் இருக்கிறது. இங்கே உட்கார்ந்திருக்கும் சிலர் அந்தப் பிள்ளைகளாக இருந்தவர்கள். ஆகவே, "தரம் முக்கியம், விற்பனை முக்கியமில்லை" என்று யாராவது சொன்னால் நாங்கள் உடனே கைதட்ட மாட்டோம். அந்தத் தரம் யாருடைய விரலில் ஏறி வந்தது என்று கேட்டுவிட்டுத்தான் தட்டுவோம்.

நெசவு நமக்கு நேற்று வந்த தொழிலும் அல்ல. 1909இல் வெளியான தர்ஸ்டனின் சாதித் தொகுப்பிலேயே கோலியர் என்ற நெசவுப் பிரிவைப் பறையரோடு தொடர்புபடுத்திக் குறித்திருக்கிறார்கள். வெள்ளைக்காரன் குறிப்பில் ஒரு பத்தியாக இருக்கிறோம். பட்டுக்கடை விளம்பரத்தில் ஒரு வரியாகக்கூட இல்லை.

ஆகவே எங்கள் முடிவைச் சொல்லிவிடுகிறோம். மூன்று கூட்டச் சண்டைக்குப் பிறகு நான்காவது கூட்டத்தில் எடுத்த முடிவு இது. வரும் ஆண்டுக் காலண்டரின் முகப்பில் நீலக் கோட்டு அண்ணலே இருப்பார். அந்த ஆயாவின் தேர்வை மாற்ற எங்களுக்கு உரிமை இல்லை. உள்ளே 12 மாதத்துக்கும் அந்தத் தம்பியே வரைவார். லட்சுமியும் வேண்டாம், பல்லவனும் வேண்டாம். பாவு ஓட்டுபவர், சாயம் போடுபவர், நூல் சுற்றும் ஆயா, அட்டை குத்துபவர், தேர் போன வீதியை மறுநாள் காலையில் கூட்டும் தூய்மைப் பணியாளர் என்று நம் ஊர் மனிதர்கள் 12 பேர். படத்தின் கீழே, அவர்கள் சம்மதத்தோடு, அவர்கள் பெயர். ஓவியர் பெயர் அதற்கும் கீழே, சிறிய எழுத்தில். தம்பி முதலில் முகம் சுளித்தார், பிறகு ஒப்புக்கொண்டார். எதிர்த்துப் பேசிய தங்கைதான் பெயர்களைச் சேகரிக்கும் பொறுப்பை எடுத்திருக்கிறார். இருவரும் இப்போது பேசிக்கொள்கிறார்கள்.

படம் நன்றாக இல்லாவிட்டால் தம்பியை விமர்சனம் செய்யுங்கள். மிச்சம் வைக்காமல் செய்யுங்கள். நம்மவர் வரைந்தார் என்பதற்காகச் சலுகை வேண்டாம், அது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது. விற்கவில்லை என்றால் எங்களைக் கேளுங்கள்.

மாணவர்களுக்கு ஒரு வேலை தருகிறோம். உங்கள் தெருவில் ஒரு தறியைத் தேடிப் போங்கள். அதில் இப்போது ஓடிக்கொண்டிருக்கும் புடவையை நெய்பவர் பெயர், பக்கத்தில் உதவி செய்பவர் பெயர், வாங்கும் கூலி, கடையில் போடப்போகும் விலை, நான்கையும் ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். அடுத்த ஆண்டு இதே மேடையில் அந்த நோட்டைத்தான் வாசிக்கப் போகிறோம். தாத்தா 1893இல் தொடங்கியதும் இந்த வேலைதான். அச்சில் நம் பெயரை நாமே போடுவது.