நோயுற்றவர் இல்லத்திலேயே இருக்கட்டும்

(விழா மேடையில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



செங்கற்பட்டு என்றவுடன் ஏரியும் இருப்புப்பாதைச் சந்திப்பும் நினைவுக்கு வரும். ஊரை அடுத்த திருமணி என்னும் சிற்றூர் பலர்க்கு நினைவில் வாராது. வந்தாலும் வாய்விட்டுச் சொல்லத் தயங்குவர். 1924ஆம் ஆண்டு அங்கே ‘லேடி வில்லிங்டன் தொழுநோய் இல்லம்’ நிறுவப்பெற்றது. இந்நாட்டுத் தொழுநோய் மருத்துவ வரலாற்றில் அதற்குப் பெரிய இடம் உண்டு. ஆயின் இன்றைய உரையின் பொருள் மருத்துவ வரலாறு அன்று. தம் உடம்பில் ஒரு நோய் இருப்பதை அறிந்த குடும்பத் தலைவரோ தலைவியோ, அந்நோயையும் அன்றாட இல்லறத்தையும் ஒருங்கே சுமப்பது எங்ஙனம் என்பதே பொருள். அதைப் பேசத் திருமணியை விடப் பொருத்தமான இடம் இல்லை.

1898ஆம் ஆண்டின் தொழுநோயாளர் சட்டம், பிழைக்க வழியின்றித் திரிந்த நோயாளரைப் பிடித்து ஒதுக்கிடத்தில் வைக்க வழி செய்தது. வீடு உள்ளவரைத் தேடி அச்சட்டம் வரவில்லை. அவரை வீடே ஒதுக்கியது. மருந்து என்று இருந்தது நீரடிமுத்து எண்ணெய். அதை ஊசி வழியே தோலிலும் தசையிலும் ஏற்றினர். வலி மிகுதி, பயன் சிறிது. 1930களில் திருமணி இல்லத்தின் பொறுப்பேற்ற மருத்துவர் இராபர்ட் காக்ரேன் சோர்ந்துவிடவில்லை. டாப்சோன் என்று இன்று வழங்கும் மருந்தை 1940களின் நடுப்பகுதியில் நோயாளர்க்கு முதன்முதலாகக் கொடுத்துப் பார்த்தவர்களுள் அவர் ஒருவர்.

1947இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் அறுவை மருத்துவர் பால் பிராண்டை, காக்ரேன் செங்கற்பட்டு இல்லத்தைச் சுற்றிக் காட்ட அழைத்துச் சென்றார். எங்கு நோக்கினும் மடங்கிப்போன விரல்கள். பிராண்ட் ஒரு நோயாளியின் கைக்குள் தம் கையை வைத்து, அழுத்திப் பிடிக்கச் சொன்னார். வலுவிழந்த கை என்று அவர் எண்ணியிருக்க, வந்ததோ நகம் பதியும் இரும்புப் பிடி. சில தசைகளே செயலிழந்தன, மற்றவை முழு வலுவோடு இருக்கின்றன என்பதை அந்தப் பிடியே அவர்க்கு உணர்த்தியது. நல்ல தசையின் நாணை எடுத்து, செயலிழந்த விரலுக்கு மாற்றிப் பொருத்தும் அறுவை மருத்துவம் வேலூரில் வளர்ந்ததற்கு இதுவே தொடக்கம். விரல்கள் அழுகி உதிர்வது நோயின் இயல்பு என்ற நம்பிக்கையும் அவர் ஆய்வால் தகர்ந்தது. நோய் நரம்பைத் தாக்குகிறது, உணர்ச்சி போகிறது, உணர்ச்சி போன கையும் காலும் சுடுவதையும் வெட்டுவதையும் அறியாமல் நாள்தோறும் காயப்படுகின்றன. அக்காயங்களே உறுப்பைத் தின்றன.

1955இல் நடுவண் அரசு திருமணி இல்லத்தையும் சென்னைச் சைதாப்பேட்டையில் இருந்த சிறுவர் மருத்துவ நிலையத்தையும் ஏற்று, மத்தியத் தொழுநோய் பயிற்சி ஆராய்ச்சி நிலையமாக ஆக்கியது. 1981இல் உலக நலவாழ்வு அமைப்பு கூட்டு மருந்துச் சிகிச்சையைப் பரிந்துரைத்தது. நோயின் வகைக்கேற்ப ஆறு மாதமோ பன்னிரண்டு மாதமோ மருந்து உண்டால் போதும். அரசு நலவாழ்வு நிலையங்களில் அது விலையின்றிக் கிடைக்கிறது. மருந்து தொடங்கிய சின்னாளிலேயே பிறர்க்குத் தொற்றும் தன்மை நீங்கிவிடுகிறது. ஆகவே நோயாளி எங்கும் போக வேண்டியதில்லை. மருத்துவம் நோயாளியை வீட்டுக்கே திருப்பி அனுப்பிவிட்டது. இனி எல்லாம் வீட்டின் கையில்.

ஆனால் வீட்டில் நிகழ்வது என்ன? ஒரு தேமல் தோன்றுகிறது. அரிப்பு இல்லை, வலி இல்லை. தொட்டால் உணர்ச்சி இல்லை என்பதை அவர் ஒருநாள் தற்செயலாகக் காண்கிறார். ஐயம் எழுகிறது; யாரிடமும் சொல்வதில்லை. “பெண்ணின் கலியாணம் முடியட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம்” என்று உள்ளத்துள் முடிவு செய்கிறார். இதைக் கோழைத்தனம் என்று ஏசுவது எளிது. தம் நோய் வெளிப்பட்டால் மகளுக்கு வரன் தட்டிப்போகும் என்று அஞ்சும் தந்தையின் அன்பு அது. எனினும் கணக்கில் பிழை உண்டு. நரம்பு பாதிக்கப்பட்ட ஆறு மாதத்திற்குள் மருத்துவம் செய்தால் உணர்ச்சியும் வலுவும் மீள வாய்ப்பு மிகுதி. கலியாணம் கூடிவர இரண்டாண்டு ஆகலாம். மறைக்க முடிந்த தேமலுக்காகக் காத்திருந்தவர், மறைக்க முடியாத மடங்கிய விரலோடு மணவறையில் நின்று தாரை வார்க்க நேரும்.

செங்கற்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியே மாமல்லபுரம் செல்லும் சாலையில் வாழ்வோரின் தொழில்களை எண்ணிப் பாருங்கள். மாமல்லபுரத்துச் சிற்பிக்கு இடக்கையில் உளி, வலக்கையில் சுத்தியல். முழங்கையின் உட்புறம் ஓடும் நரம்பு கெட்டால் முதலில் மரத்து மடங்குவன சுண்டுவிரலும் மோதிர விரலும். உளி நழுவுகிறது, நழுவாமலிருக்க இன்னும் இறுக்கிப் பிடிக்கிறார், உள்ளங்கை கொப்பளிப்பது தெரிவதில்லை. கோவளம், சதுரங்கப்பட்டினக் கரைகளில் வலைக்கயிறு இழுப்பவர்க்குக் கயிறே அரம். இவர்களை விடவும் இடர் மிகுந்தவர் அடுப்படியில் நிற்கும் இல்லத்தலைவி. கொதிக்கும் பாத்திரத்தை வெறுங்கையால் இறக்கி வைத்துவிட்டு, தோல் உரிந்ததைப் பின்னரே பார்க்கிறார். பிடிதுணியும் மரப்பிடி போட்ட கரண்டியும் அவர்க்கு மாத்திரைக்கு நிகரான மருந்து. தொழிலை விடச் சொல்லத் தேவையில்லை; கருவியின் பிடியைத் துணி சுற்றிப் பருமனாக்கினால் பல வேலைகள் தொடரும்.

மருந்து உண்ணும் காலத்திலும் வீட்டார் அறிந்திருக்க வேண்டியவை உண்டு. ரிஃபாம்பிசின் உண்ட நாளில் சிறுநீர் சிவக்கும், அஞ்ச வேண்டியதில்லை. குளோஃபசிமின் உண்போரின் தோல் கறுக்கும். மருந்து முடிந்து பல மாதங்களில் நிறம் மெல்ல மீளும். அக்கம்பக்கத்தார் “ஏன் இப்படிக் கறுத்துவிட்டார்?” என்று கேட்பார்கள் என்பதற்காகவே மாத்திரையை நிறுத்துவோர் உளர். சிலர்க்குச் சிகிச்சையின் நடுவில் தேமல்கள் சிவந்து வீங்கி, நரம்பு வலி எடுக்கும். மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று அதைக் கைவிடுவது பெரும் பிழை. அன்றே மருத்துவரிடம் செல்ல வேண்டிய குறி அது.

நயினார் இல்லங்களில் வேறு இரண்டு கேள்விகளும் எழும். அன்றாட மாத்திரை நாளுக்கு ஒருமுறைதான். பொழுது சாயுமுன் உண்பவர்க்கு அதனால் இடர் இல்லை. முழு உபவாச நாளில் என் செய்வது என்பதை நோன்பு ஏற்குமுன்னரே மருத்துவரிடமும் அறவுரை கூறும் பெரியோரிடமும் கேட்டுக்கொள்ளலாம். மருந்துக்கு இடம் விட்டு நோன்பின் வகையை மாற்றிக்கொள்வது நோன்பைக் கைவிடுவது ஆகாது. மற்றொன்று, குளோஃபசிமினின் உறை. அது ஜெலட்டினால் ஆனது. ஜெலட்டின் பெரும்பாலும் விலங்கிலிருந்து பெறப்படுவது. இதை அறிந்து உள்ளம் கூசுவது இயல்பே. கூச்சத்தை வெளியே சொல்லாமல், உறையை ஓசையின்றிக் குப்பையில் இடுவதுதான் தீங்கு. நோயைக் கொண்டு நரம்பை அழிய விடுவதும் ஓர் உயிருக்குச் செய்யும் இன்னலே. அவ்வுயிர் தம்முடையது என்பதால் அது சிறிதாகிவிடாது.

சமண நூல்கள் இந்நோயை அறியாதன அல்ல. யசோதர காவியத்தில் அரசி அமிர்தமதி செய்த தீவினையின் பயனாகத் தொழுநோய் உறுகிறாள். அக்கதையைக் கேட்டு வளர்ந்தவர் நோயாளியைக் கண்டதும் ‘என்ன வினையோ’ என்று எண்ணுவது உண்டு. ஆனால் அருங்கலச்செப்பு நற்காட்சியின் உறுப்புகளுள் ஒன்றாக உவர்ப்பின்மையை வைத்து, அதற்கு எடுத்துக்காட்டாக உத்தாயண மன்னனைக் கூறுகிறது. நோயால் அழுகிய உடம்புடன் முனிவர் வடிவில் வந்தவர்க்கு அவன் உணவளித்தான். உண்டவர் அவன்மேலேயே உமிழ்ந்தார். அரசனும் அரசியும் முகம் சுளிக்காமல் துடைத்தனர். ஸ்ரீபாலன் கதையில் மைனாசுந்தரியின் வழிபாட்டால் கணவன் நோய் நீங்கியதைப் பலரும் நினைவிற் கொள்கின்றனர். நீங்குமுன் அவள் அவனோடும் அவன் உடனிருந்த நோயாளரோடும் வாழ்ந்து பணிவிடை செய்த நாட்களை யாரும் விரித்துரைப்பதில்லை. இல்லறத்தார்க்கு வேண்டிய பகுதி அந்த நாட்கள்தாம். வினை யாருடையது என்று ஆராயும் வேலையை உத்தாயணன் மேற்கொள்ளவில்லை என்பதும் நோக்கத்தக்கது.

கதை இவ்வாறிருக்க, சட்டம் பின்தங்கியே நடந்தது. 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம் சமணர்க்கும் பொருந்தும். அதில் தொழுநோய் மணவிலக்குக்கு ஒரு காரணமாக இடம் பெற்றிருந்தது. ஓராண்டில் குணமாகும் நோய் ஆன பிறகும் பல பத்தாண்டுகள் அவ்வரி நீங்கவில்லை. 1898ஆம் ஆண்டுச் சட்டம் 2016இல் நீக்கப்பெற்றது. மணவிலக்கு வரி 2019இல் நீக்கப்பெற்றது. ஏட்டில் இருந்து நீங்கியது பெண் பார்க்கும் கூடத்தில் இருந்தும் நீங்கிற்றா என்பதை அவரவர் அறிவர்.

மறைக்காமல் வாழ்ந்த ஒருவரையும் இங்கே நினைக்க வேண்டும். டி. என். ஜகதீசன் ஆங்கில ஆசிரியர், வி. எஸ். சீனிவாச சாஸ்திரியாரின் கடிதங்களைத் தொகுத்துப் பதிப்பித்த அறிஞர். தொழுநோய் உற்றவர். காக்ரேனின் நண்பராகி, விழுப்புரம் பகுதி மழவந்தாங்கலில் கஸ்தூரிபா குஷ்ட நிலையத்தின் பணியில் ஈடுபட்டார். ‘தொழுநோய் வழியே நிறைவு’ என்று பொருள்படும் தலைப்பில் ஆங்கிலத்தில் தம் வாழ்வை எழுதினார். நோயின் பெயரையே நூலின் தலைப்பில் வைக்க அக்காலத்தில் எத்தனை துணிவு வேண்டியிருக்கும்!

2005ஆம் ஆண்டு இறுதியில் இந்தியாவில் இந்நோய் பத்தாயிரம் பேருக்கு ஒருவர்க்கும் குறைவாயிற்று. அதைக் கேட்டு நோயே ஒழிந்ததென்று பலர் நினைத்துவிட்டனர். இன்றும் இந்நாட்டில் ஆண்டுக்கு ஓர் இலட்சம் அளவில் புதியவர் கண்டறியப்படுகின்றனர். நோயாளியோடு ஒரே வீட்டில் வாழ்வோரைச் சோதித்து, தக்கவர்க்கு ஒரேயொரு வேளை ரிஃபாம்பிசின் தரும் தடுப்பு முறையும் இப்போது நடைமுறையில் உள்ளது. ஆனால் நோயாளி இசைந்து சொன்னால்தான் வீட்டாரைச் சோதிக்க முடியும். மகளைக் காப்பதற்காக நோயை மறைக்கும் தந்தை, அவளுக்குக் கிடைக்க வேண்டிய அந்த ஒருவேளை மருந்தையும் சேர்த்தே மறைத்துவிடுகிறார்.

கால் மரத்தவர் வெறுங்காலோடு நடத்தல் ஆகாது. மென்மையான ரப்பர் அடிப்பகுதி கொண்ட செருப்பு வேண்டும். பொன்னூர்மலையோ திருநறுங்கொண்டையோ ஏறுபவர் செருப்பைக் கழற்றியே ஆக வேண்டும். பாறை சூடேறுமுன், விடியற்காலையில் அவரை வீட்டார் அழைத்துச் சென்று வரலாம். இறங்கியதும் உள்ளங்காலைப் பார்த்துவிடலாம். மற்ற நாட்களில் மாலை உணவு பொழுதோடு முடிந்துவிடுகிற இல்லங்களில் இதற்கு நேரம் இருக்கிறது. ஓர் அகன்ற பாத்திரத்தில் தண்ணீர், அரைமணி நேரம் கால் ஊறட்டும். தடித்த தோலை மெல்லத் தேய்த்து, ஈரம் உலருமுன் எண்ணெய் தடவ வேண்டும். அடிப்பாதத்தை அவரே குனிந்து பார்ப்பது அரிது. பேரப்பிள்ளையின் கண் கூரியது. முள், கொப்புளம், சிவப்பு எது இருந்தாலும் தாத்தாவுக்குத் தெரியாததை அப்பிள்ளை எடுத்துச் சொல்லும்.