வேலிகளும் அவற்றின் பெயர்களும்

(ஊராட்சி உறுப்பினர் பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)

 

வேலி என்னும் ஒரு சொல்லால் நாம் குறிப்பது ஒரே பொருளையன்று. முள்மரக் கிளைகளை வெட்டி அடுக்கி, கழிகளால் அழுத்திக் கட்டுவது முள்வேலி. மூங்கிலைப் பிளந்து பின்னி நிறுத்துவது தட்டி. அடைப்பின் வாயிலில் வைத்துத் திறந்து மூடுவது படல். ஆடுமாடுகளை அடைக்கும் வளைப்பு பட்டி. வேர்விட்டுத் தழைத்து நிற்பதோ உயிர்வேலி. (தஞ்சைப் பகுதியில் வேலி என்பது நில அளவையும் ஆகும், அது வேறு.)

முள்வேலியில் கைப்பணம் செலவில்லை என்பது உண்மையே. ஆயினும் கறையான் அரிக்கும். வெயிலில் முள் உதிரும். அடுத்த ஆண்டு மீண்டும் வெட்டிச் சுமக்க வேண்டும். இவ்வுழைப்பை யாரும் கணக்கில் எழுதுவதில்லை.

உயிர்வேலிக்குச் சிறந்தது முள்கிளுவை. காங்கயம் பகுதிக் குடியானவர்கள் கொறங்காடு எனப்படும் தம் மேய்ச்சல் நிலங்களை இதனால்தான் காத்து வருகின்றனர். மழைக்கு முன் போத்துகளை நெருக்கமாக நட்டு, தழைத்தபின் கிளைகளைப் பின்னிவிட்டால் போதும். வறட்சியையும் அது தாங்கும்.

அதன் அடியிலுள்ள இடைவெளியை அடைக்க நம் ஆவாரை இருக்கிறது. மாடு அதை விரும்பி மேய்வதில்லை. ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரத்தில் தோல் பதனிட ஒரு காலத்தில் ஆவாரம்பட்டையே பெரிதும் பயன்பட்டது. பின்னர் வாட்டில் பட்டையும் குரோமிய உப்பும் அதன் இடத்தைப் பிடித்தன. தோல் தொழிற்சாலைக் கழிவுகளால் பாலாற்றுக்கு நேர்ந்த கேடு குறித்து 1996இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு தனியே பேசவேண்டிய பொருள். பட்டைக்கு முன்போல் கேள்வி இல்லாவிடினும், வரப்பிலுள்ள ஆவாரையை வேரோடு களைவது ஏன் என்பது எனக்கு விளங்கவில்லை.

உயிர்வேலியிலும் குறைகள் உண்டு. ஆண்டுதோறும் கழிக்காவிட்டால் வேர் வயலுக்குள் பரவும். "வேலியே பயிரை மேய்ந்தது" என்பது அப்போது உண்மையாகவே நிகழும். வண்டிப்பாதையும் குறுகும், அவ்வழக்கு ஊராட்சிக்கு வந்து சேரும். திருகுகள்ளியின் பால் கண்ணுக்குத் தீங்கு செய்யும்; காட்டாமணக்கு விதை நஞ்சு. ஆகவே பள்ளியை ஒட்டி இவ்விரண்டையும் வைக்கலாகாது.

பேர்ணாம்பட்டு, குடியாத்தம் மலையடிவாரத்து விவசாயிகள், "பன்றிக்கும் யானைக்கும் கிளுவை போதுமா?" என்று கேட்பார்கள். யானைக்குப் போதாது. அடிப்பாகம் நெருங்கி வளர்ந்த வேலி பன்றியை ஓரளவு தடுக்கும். ஆனால் மின்கம்பத்திலிருந்து கம்பியை இழுத்து வேலியில் கட்டுவது குற்றம். அது பன்றியை மட்டும் கொல்வதில்லை. இரவில் தண்ணீர் பாய்ச்சச் செல்லும் அண்டை நிலத்துக்காரரையும் கொல்லும். மின்கலத்தால் விட்டுவிட்டுத் துடிப்பு தரும் சூரிய மின்வேலி வேறு. காட்டை அடுத்த நிலங்களில் அதனை அமைப்போர் 2023ஆம் ஆண்டு விதிகளின்படி பதிவு செய்தல் வேண்டும். திருட்டு மின்வேலி எந்த ஊரில் இருந்தாலும், அதனை முதலில் அறிபவர்கள் வார்டு உறுப்பினர்களாகிய தாங்களே. விதைப்புக்கு முன் ஒருமுறை நிலங்களைச் சுற்றிப் பார்த்து, அத்தகைய கம்பி தென்பட்டால் அன்றே மின்வாரியத்துக்குத் தெரிவியுங்கள்.