நெடுந்தூர ரயிலுக்குப் புதிய பெட்டிகள்



சில வாரங்களுக்கு முன் எங்கள் தோட்டப் பள்ளியில் ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் ஒரு கேள்வி கேட்டான். பள்ளி விடுமுறையில் அவன் குடும்பம் தமிழ்நாட்டிற்குச் சென்று, சென்னையிலிருந்து மதுரைக்கு இரவு ரயிலில் போய் வந்திருந்தது. "ஐயா, அந்தப் பெட்டியை எப்படிச் செய்கிறார்கள்? அவ்வளவு வேகமாகப் போகிறதே, பெட்டிகள் கழன்றுவிடாதா?" என்றான். "இரும்பால் செய்கிறார்கள், கழலாது, உட்கார்" என்று சொல்லிவிட்டு, நாம் கணக்குப் பாடத்தைத் தொடர்ந்தோம். அன்று மாலை வீட்டில் தேத்தண்ணீர் குடிக்கும்போதுதான் மனம் உறுத்தியது. பையன் கேட்டது நல்ல கேள்வி. நாம் சொன்னது சோம்பேறிப் பதில். அவனுக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதிலை இன்றைய உரையில் உங்கள் எல்லாருக்கும் சொல்ல விரும்புகிறோம்.

அந்த மாணவன் ஏறிய ரயிலைப் போன்றவற்றுக்குப் பெட்டி செய்யும் இடம் சென்னையிலேயே இருக்கிறது. பெரம்பூரில் உள்ள அந்தத் தொழிற்சாலைக்கு ஐ.சி.எஃப். என்று பெயர், தமிழில் இணைப்புப் பெட்டித் தொழிற்சாலை என்பார்கள். சுவிட்சர்லாந்து நிறுவனம் ஒன்றின் தொழில்நுட்ப உதவியோடு அது அமைக்கப்பட்டது. 1955ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் பிரதமர் நேரு அதைத் திறந்து வைத்தார். தொடக்கத்தில் பெட்டியின் வெறும் கூடு மட்டுமே அங்கே செய்யப்பட்டது. இருக்கை, விளக்கு, மின்விசிறி முதலியவற்றைப் பொருத்தும் பிரிவு 1962இல் சேர்ந்தது.

'இணைப்புப் பெட்டி' என்றால் என்ன? பழங்காலத்து ரயில் பெட்டியில் கீழே ஓர் இரும்புச் சட்டம் இருக்கும். அதன்மேல் மரத்தால் ஒரு வீட்டைக் கட்டி வைத்ததுபோல உடல் இருக்கும். பாரமெல்லாம் அடிச்சட்டத்தின் மேல்தான். மேலே உள்ள மரச்சுவருக்கு வலிமை கிடையாது. இரண்டு ரயில்கள் மோதினால், தீப்பெட்டியின் உள்தட்டு கூட்டுக்குள் நுழைவதுபோல ஒரு பெட்டி இன்னொன்றுக்குள் நுழைந்துவிடும். உள்ளே இருப்பவர்களின் கதியை நாம் விவரிக்க வேண்டியதில்லை. பெரம்பூர்ப் பெட்டியில் அடித்தளம், இரு பக்கச் சுவர், இரு முனைச் சுவர், கூரை ஆகிய அனைத்தும் எஃகு. எல்லாவற்றையும் ஒன்றாகப் பற்றவைத்து ஒரே கூடாக்கிவிடுகிறார்கள். மூங்கில் கூடையில் எந்த ஒரு பிளாச்சும் தனியாகப் பாரம் தாங்குவதில்லை அல்லவா? கூடை முழுவதும் சேர்ந்துதான் தாங்குகிறது. அதுபோலத்தான் இதுவும்.

அந்தப் பழைய வகைப் பெட்டி அறுபது ஆண்டுகளுக்கு மேல் நன்றாக உழைத்தது. ஆயினும் அதற்கும் குறைகள் இருந்தன. பெட்டிக்குப் பெட்டி கொக்கியும் திருகும் போட்டு இணைத்திருந்தார்கள். தண்டவாளத்தை விட்டு விலகினால் கொக்கி கழன்று, ஒரு பெட்டி மற்றொன்றின்மேல் ஏறிவிடும் ஆபத்து இருந்தது. ஆகவே ஜெர்மனியில் வடிவமைக்கப்பட்ட எல்.எச்.பி. என்னும் வகைப் பெட்டியை இந்திய ரயில்வே ஏற்றுக்கொண்டது. 2018 ஜனவரியில் பெரம்பூர், பழைய வகைப் பெட்டி செய்வதை நிறுத்திவிட்டது.

புதிய பெட்டியில் என்ன வேறுபாடு? மூன்றை மட்டும் சொல்வோம்.

முதலாவது, உடல். இது துருப்பிடிக்காத எஃகால் ஆனது. நம் வீட்டு எவர்சில்வர் பாத்திரத்தின் உறவுக்காரன் என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய பெட்டி ஏறக்குறைய 21 மீட்டர் நீளம். இது 23 மீட்டருக்கும் அதிகம்.

இரண்டாவது, இணைப்பு. இரண்டு பேர் விரல்களை வளைத்து ஒருவர் கையை ஒருவர் இறுகப் பற்றிக்கொள்வதைப்போல, பெட்டிகளின் நடுவே உள்ள இணைப்பிகள் ஒன்றையொன்று கவ்விக்கொள்கின்றன. விபத்து நேர்ந்தாலும் பெட்டிகள் பெரும்பாலும் பிடியை விடுவதில்லை. ஒன்றன்மேல் ஒன்று ஏறும் ஆபத்து மிகவும் குறைகிறது. "கழன்றுவிடாதா?" என்று மாணவன் கேட்டானே, அதற்கு இதுதான் சரியான பதில்.

மூன்றாவது, தடை. பழைய பெட்டியில் தடைக்கட்டை சக்கரத்தின் விளிம்பையே அழுத்தும். சைக்கிள் சக்கரத்தில் ரப்பர் கட்டை அழுத்துவதைப்போல. புதிய பெட்டியில் அச்சின்மேல் தனியாக வட்டத் தகடுகள் உள்ளன. மோட்டார் சைக்கிளின் முன்சக்கரத்தில் பார்த்திருப்பீர்களே, அதேபோலப் பிடி அந்தத் தகட்டின்மேல் விழுகிறது. சக்கரம் தேய்வதும் குறைவு, வேகமாக ஓடும் வண்டியை நிறுத்துவதும் எளிது. இந்த வகைப் பெட்டிகள் மணிக்கு 160 கிலோமீட்டர் வேகத்தில் ஓடக்கூடியவை.

இனி, பெட்டி எப்படி உருவாகிறது என்று பார்ப்போம். எஃகுத் தகடுகளை அளவாக வெட்டுகிறார்கள். அடித்தளம், சுவர், கூரை ஆகியவற்றைத் தனித்தனி இடங்களில், அளவு பிசகாத பெரிய அச்சுச் சட்டங்களில் கிடத்திப் பற்றவைக்கிறார்கள். பிறகு அவற்றை ஒன்றாக நிறுத்திக் கூடாக்குகிறார்கள். சாயம் பூசியபின், தளம், மின்கம்பி, தண்ணீர்க் குழாய், ஜன்னல், படுக்கை என ஒவ்வொன்றாக உள்ளே ஏறுகின்றன. நான்கு சக்கரங்கள் கொண்ட அடிவண்டிகள் இரண்டு தனியே தயாராகிக் காத்திருக்கும். முடிவில் கூட்டைத் தூக்கி அவற்றின்மேல் இறக்குகிறார்கள். தண்ணீரைப் பீய்ச்சி, கசிவு உண்டா என்று பார்க்கிறார்கள். தடை பிடிக்கிறதா என்று சோதிக்கிறார்கள். அதன்பின்தான் பெட்டி வெளியே வரும்.

இங்கே நம் தோட்ட மக்களுக்கு நன்கு தெரிந்த ஒன்றை நினைவூட்டுகிறோம். பால்மரம் வெட்டுபவருக்கு உளியின் ஆழம்தான் உயிர். ஆழம் போதாவிட்டால் பால் வராது. ஒரு மயிரிழை கூடிவிட்டால் மரம் காயப்பட்டு, புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். அந்த அளவை எந்தப் புத்தகமும் கற்றுத் தராது, கைதான் கற்றுக்கொள்கிறது. பற்றவைப்பவரின் வேலையும் அப்படியே. சூடு குறைந்தால் தகடுகள் ஒட்டியதுபோல் தோன்றும், ஆனால் ஒட்டியிருக்காது. சூடு கூடினால் தகடு வளைந்து நெளிந்துவிடும். அதற்கு மேலே சாயம் பூசிவிட்டால் பயணியின் கண்ணுக்கு எதுவும் தெரியாது. கெட்ட நாள் ஒன்று வந்தால்தான் தெரியும்.

பெரம்பூரில் பிறந்த ரயில்களுள் புகழ்பெற்றது ஒன்றுண்டு. 2018இல் வெளிவந்ததால் முதலில் அதற்கு 'ட்ரெயின் 18' என்று பெயர். பின்னர் வந்தே பாரத் என்று பெயர் மாறி, 2019 பிப்ரவரி 15ஆம் நாள் டில்லிக்கும் வாரணாசிக்கும் இடையே ஓடத் தொடங்கியது. இதற்குத் தனி எஞ்சின் கிடையாது. பதினாறு பெட்டிகளில் பாதிப் பெட்டிகளின் அடியிலேயே மோட்டார்கள் உள்ளன. ஒருவர் இழுக்க மற்றவர் சும்மா வருவதற்குப் பதிலாக, பலர் சேர்ந்து தேர் இழுப்பதைப்போல. ஆதலால் புறப்பட்டவுடனே வேகம் பிடிக்கிறது.

ஆனால் அது உட்கார்ந்து போகும் ரயில். இரவு முழுவதும் பயணம் செய்யும் நெடுந்தூர வழிகளுக்குப் படுக்கை வேண்டும் அல்லவா? அதற்காகப் பெரம்பூரின் வடிவமைப்பில், பெங்களூரிலுள்ள பி.இ.எம்.எல். நிறுவனம் படுக்கை வசதி கொண்ட வந்தே பாரத் ரயிலைக் கட்டியது. பதினாறு பெட்டிகள், 823 படுக்கைகள். சோதனை ஓட்டத்தில் மணிக்கு 180 கிலோமீட்டர் வேகத்தை எட்டியது. 2026 ஜனவரியில் முதல் ரயில் கொல்கத்தாவின் ஹவுராவுக்கும் அஸ்ஸாமின் குவஹாத்திக்கும் இடையே ஓடத் தொடங்கியது.

இவையெல்லாம் குளிர்சாதன ரயில்கள். கட்டணமும் கூடுதல். அப்படியானால் கூலித் தொழிலாளி எதில் போவது? இந்தக் கேள்வியைக் கேட்க நமக்கு உரிமை உண்டு. நம் பாட்டன் பாட்டிமாருள் பலர், கிராமத்திலிருந்து ரயிலின் மூன்றாம் வகுப்பில் நெருக்கியடித்துக்கொண்டு துறைமுகம் வந்து, கப்பலேறி இந்நாட்டுக்கு வந்தவர்கள். இன்றும் இந்தியாவில் பீகாரிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் கட்டட வேலைக்கும் ஆலை வேலைக்கும் தெற்கே வருகிறவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். இரண்டு இரவு, இரண்டு பகல் பயணம் அவர்களுக்குப் புதிதல்ல.

அவர்களை நினைத்து, பெரம்பூரில் அமிர்த பாரத் என்னும் ரயில் கட்டப்பட்டது. 2023 டிசம்பர் 30ஆம் நாள் முதல் இரண்டு ரயில்கள் புறப்பட்டன. அவற்றுள் ஒன்று வங்காளத்தின் மால்டாவிலிருந்து பெங்களூருக்கு வருவது. இருபத்திரண்டு பெட்டிகள், குளிர்சாதனம் இல்லை, சாதாரணப் படுக்கைப் பெட்டிகளும், முன்பதிவு இல்லாத பொதுப் பெட்டிகளும் கொண்டது. முன்னும் பின்னும் இரண்டு எஞ்சின்கள். புறப்படும்போதும் நிற்கும்போதும் பெட்டிகள் குலுங்காதபடி இணைப்புகள் அமைக்கப்பட்டுள்ளன. ஓர் உண்மையை இங்கே கவனியுங்கள். இன்று செய்யப்படும் குளிர்சாதனப் பெட்டியும் சரி, பொதுப் பெட்டியும் சரி, ஒரே வகை எஃகாலும் ஒரே வகை இணைப்பாலும் ஆனவை. மெத்தை வேறாக இருக்கலாம். காப்பாற்றும் கூடு வேறாக இருக்கக் கூடாது. ஒரு ரயில் நல்ல ரயிலா என்பதை அதன் மிக மலிவான சீட்டில் ஏறியவரை வைத்தே அளக்க வேண்டும் என்பது எங்கள் எண்ணம்.

எனினும், நல்ல பெட்டி இருந்தால் மட்டும் போதும் என்று எண்ணிவிடக் கூடாது. 2023 ஜூன் 2ஆம் நாள் ஒடிசா மாநிலத்தின் பாலசோர் மாவட்டத்தில் நடந்ததை மறக்க முடியாது. சென்னை நோக்கி வந்த கோரமண்டல் விரைவு ரயில், முதன்மைத் தடத்தை விட்டுப் பக்கத் தடத்தில் நுழைந்து, அங்கே நின்றிருந்த சரக்கு ரயிலில் மோதியது. 290க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். இறந்தவர்களில் பலர் பொதுப் பெட்டிகளில் நின்றும் உட்கார்ந்தும் வந்த தொழிலாளர்கள். அந்த ரயிலில் இருந்தவை புதிய வகைப் பெட்டிகள்தாம். பழுது பெட்டியில் இல்லை. சமிக்ஞைக் கம்பிகளை மாற்றி இணைத்த வேலையில் நேர்ந்த தவறே காரணம் என்று விசாரணை காட்டியது. பற்றவைத்தவர் செய்த நூறு நல்ல வேலையையும் கம்பியை இணைத்தவரின் ஒரு தவறு வீணாக்கிவிட்டது. மனிதர்களைச் சுமக்கும் பொருளில் சின்ன வேலை என்று எதுவுமே கிடையாது.

நம் நாட்டைப் பற்றியும் சொல்லாவிட்டால் உரை நிறைவு பெறாது. ஈப்போவுக்கும் சிரம்பானுக்கும் இடையே 2010இல் ஓடத் தொடங்கிய ஈ.டி.எஸ். மின் ரயில், 2015இல் வடக்கே பாடாங் பெசாரை எட்டியது. 2025 டிசம்பரில் தெற்கே ஜொகூர் பாருவையும் எட்டிவிட்டது. சிரம்பானிலிருந்து கிம்மாஸ் வரை இரட்டைத் தடம் போட்டுக் கொடுத்தது ஓர் இந்திய நிறுவனம். பேராக்கில் உள்ள பத்து காஜாவில் 2015 முதல் ஒரு சீன நிறுவனத்தின் ரயில் பெட்டித் தொழிற்சாலை இயங்கி வருகிறது. ஒரு காலத்தில் செந்தூல் ரயில் பட்டறையில் நம்மவர் ஏராளமானோர் வேலை செய்தார்கள். சுத்தியல் பிடித்தவர், கொதிகலன் பார்த்தவர், சக்கரம் கடைந்தவர் என்று பலர். அந்தக் கைத்திறனில்தான் அவர்களுடைய பிள்ளைகள் படித்தார்கள். புதிய பட்டறைகளில் நம் பிள்ளைகள் எத்தனை பேர் என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

பெற்றோர்களே! பிள்ளை பழைய ரேடியோவைக் கழற்றிப் போட்டால் உடனே அடிக்காதீர்கள். மறுபடி பூட்டச் சொல்லுங்கள். மருத்துவராகவோ வழக்கறிஞராகவோ வராவிட்டால் படிப்பு வீண் என்று சொல்லாதீர்கள். தொழிற்கல்லூரியில் பற்றவைப்பும் மின்னியலும் கற்பது மதிப்புக் குறைந்த படிப்பு அல்ல. ஆனால் அதற்கும் கணக்கும் அறிவியலும் வேண்டும். மில்லிமீட்டர் தெரியாதவன் கையில் எஃகைக் கொடுக்க மாட்டார்கள்.

மறுநாள் அந்த மாணவனை முன்னால் அழைத்தோம். "நேற்று நாம் சொன்ன பதில் போதாது" என்று வகுப்பின் முன்னே ஒப்புக்கொண்டு, கரும்பலகையில் இரண்டு பெட்டிகளை வரைந்து, நடுவே உள்ள இணைப்பை விளக்கினோம். அவன் சிறிது நேரம் பார்த்துவிட்டு, "ஐயா, இது சரியாகப் பூட்டியிருக்கிறதா என்று யார் பார்ப்பார்கள்?" என்று கேட்டான். இம்முறை நாம் அவனை உட்காரச் சொல்லவில்லை. கணக்குப் பாடம் அன்று கால் மணி நேரம் தாமதமாகத் தொடங்கியது.