இருட்டில் சூட்டைப் பார்க்கும் கண்

 

2021ஆம் ஆண்டு மே 17ஆம் தேதி. மும்பைக்கு மேற்கே அரபிக் கடல். டவ்தே புயல் வீசிக்கொண்டிருந்தது. கடலில் உள்ள எண்ணெய்க் கிணறுகளில் வேலை செய்கிறவர்கள் தங்கும் மிதவை ஒன்று அங்கே இருந்தது. அதன் பெயர் பி-305. அதில் 261 பேர் இருந்தார்கள். புயலில் அதன் நங்கூரங்கள் பிடி இழந்தன. அலைகள் மிதவையை அடித்துச் சென்றன. அன்று மாலை அது மூழ்கியது. ஆட்கள் கடலில் குதித்தார்கள்.

பொழுது சாய்ந்துவிட்டது. மழை, காற்று, மலை போன்ற அலைகள். கடற்படைக் கப்பல்கள் இரவெல்லாம் தேடின. மறுநாளும் தேடின. 180 பேருக்கு மேல் உயிரோடு மீட்கப்பட்டார்கள். பலர் உயிர் இழந்தார்கள்.

நீரில் மிதப்பவரின் உடல் வெளியே தெரியாது. தலை மட்டும்தான் தெரியும். தலை எவ்வளவு பெரிது? ஒரு தேங்காய் அளவு. இருட்டில், பெரிய கடலில், ஒரு தேங்காயைத் தேட வேண்டும். எவ்வளவு கடினம்!

இந்த வேலைக்கு உதவும் கருவி ஒன்று உண்டு. அதன் பெயர் வெப்பக் கேமரா. ரோந்துப் படகுகளிலும் மீட்புப் படகுகளிலும் அதைப் பொருத்துகிறார்கள். அதை எப்படி இயக்குவது? எப்படிப் பாதுகாப்பது? அதுதான் இன்றைய பேச்சு.

வெப்பக் கேமரா எப்படிப் பார்க்கிறது?

அடுப்பில் தோசைக்கல் காய்ந்திருக்கிறது. அடுப்பை அணைத்தாயிற்று. விளக்கையும் அணைத்தாயிற்று. கல் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் கையை அருகே கொண்டுபோனால் சூடு தெரியும். கல்லைத் தொடவே இல்லை. பிறகு எப்படிச் சூடு தெரிகிறது? கல்லிலிருந்து வெப்பக் கதிர்கள் வருகின்றன. அவை கண்ணுக்குத் தெரியாத கதிர்கள்.

1800ஆம் ஆண்டில் வில்லியம் ஹெர்ஷல் என்ற அறிஞர் இங்கிலாந்தில் ஒரு சோதனை செய்தார். வெயிலை ஒரு கண்ணாடிப் பட்டகத்தின் வழியே விட்டார். அது வானவில் நிறங்களாகப் பிரிந்தது. ஒவ்வொரு நிறத்திலும் வெப்பமானியை வைத்துப் பார்த்தார். சிவப்புக்கு அப்பால், நிறமே இல்லாத இடத்திலும் வைத்தார். அங்கேதான் வெப்பமானி அதிகம் ஏறியது! அந்தக் கதிர்களுக்கு அகச்சிவப்புக் கதிர்கள் என்று பெயர்.

மனிதர், மாடு, கல், கடல் எல்லாவற்றிலிருந்தும் இந்தக் கதிர்கள் வருகின்றன. சூடு கூடினால் கதிரும் கூடும். வெப்பக் கேமரா இந்தக் கதிர்களைப் பிடித்துப் படமாக்குகிறது. அதற்கு நிலவு வேண்டாம். விளக்கும் வேண்டாம்.

மே மாதத்தில் மும்பைக் கடல் நீரின் சூடு 28 முதல் 30 டிகிரி வரை இருக்கும். மனிதரின் முகமும் தலையும் அதைவிடச் சில டிகிரி சூடாக இருக்கும். இந்தச் சின்ன வேறுபாடு போதும். நல்ல கேமரா, ஒரு டிகிரியில் பத்தில் ஒரு பங்கைவிடக் குறைந்த வேறுபாட்டையும் காட்டும். சாம்பல் நிறக் கடலில் தலை ஒரு வெள்ளைப் புள்ளியாகத் தெரியும்.

நமது நாட்டிலும் வெப்பக் கேமராக்கள் செய்கிறார்கள். பொதுத்துறை நிறுவனமான பாரத் எலக்ட்ரானிக்ஸ் அவற்றைத் தயாரிக்கிறது.

எப்படி இயக்குவது?

ஒரு ரோந்துப் படகை நினைத்துப் பாருங்கள். படகை நடத்துகிறவர் சராங்கு. வயதில் மூத்தவர். அவரிடம் ஓர் இளைஞர் புதிதாகக் கலாசி வேலைக்கு வந்திருக்கிறார். படகின் மேல் ஒரு கம்பத்தில் உருண்டையான கேமரா இருக்கிறது. அதன் திரை படகு ஓட்டும் அறைக்குள் இருக்கிறது.

"அண்ணே, இதை ஏன் மழையிலும் வெயிலிலும் மேலே வைச்சிருக்காங்க? அறைக்குள்ள, கண்ணாடிக்குப் பின்னால வைச்சா பத்திரமா இருக்குமே?" என்று கேட்டார் இளைஞர்.

"வைச்சா ஒண்ணுமே தெரியாது தம்பி. ஜன்னல் கண்ணாடி வெளிச்சத்தை விடும். இந்த வெப்பக் கதிரை விடாது. கேமராவின் முன்னால் இருக்கிற வில்லை கண்ணாடி இல்லை. அது ஜெர்மானியம். பார்த்தா உலோகம் மாதிரி பளபளன்னு இருக்கும். நம்ம கண்ணுக்கு அதுக்குள்ள எதுவும் தெரியாது. ஆனா வெப்பக் கதிர் அதுக்குள்ள போகும்."

இளைஞர் சாவியைப் போட்டார். படம் உடனே வரவில்லை. சிறிது நேரம் பொறுத்தார், வந்தது. கொஞ்ச நேரத்தில் அவர் பதறினார்.

"அண்ணே! 'டிக்'குன்னு சத்தம் வந்துச்சு. படம் அப்படியே நின்னு போச்சு!"

"பயப்படாதே. கடைக்காரர் சாமான் நிறுக்கும் முன்னால வெறும் தராசைச் சரிபார்ப்பார் இல்லையா? அது மாதிரி கேமரா தன்னைத்தானே சரிபார்த்துக்குது. உள்ளே ஒரு மூடி ஒரு நொடி மூடித் திறக்கும். அந்தச் சத்தம்தான் அது. பாரு, படம் மறுபடி ஓடுது."

சராங்கு மேலும் சில முறைகளைச் சொல்லிக் கொடுத்தார். அவை இவைதான்.

1. கேமராவை மெதுவாகத் திருப்ப வேண்டும். வேகமாகத் திருப்பினால் சின்னப் புள்ளி கண்ணில் படாமல் போய்விடும்.

2. திரையில் கடல் அதிகமாகவும் வானம் கொஞ்சமாகவும் தெரிய வேண்டும். தெளிந்த வானம் மிகக் குளிர்ந்தது. அது அதிகம் தெரிந்தால் கடல் பகுதி மங்கிவிடும்.

3. ஒரு பொத்தானை அழுத்தினால் சூடான பொருள் வெள்ளையாகத் தெரியும். மறுபடி அழுத்தினால் கறுப்பாகத் தெரியும். சந்தேகம் வந்தால் இரண்டிலும் பார்க்க வேண்டும்.

4. இரவில் திரையின் வெளிச்சத்தைக் குறைக்க வேண்டும். இல்லாவிட்டால் கண் கூசும். வெளியே இருட்டில் எதுவும் தெரியாது.

5. கேமராவைச் சூரியனை நோக்கி நிறுத்தி வைக்கக் கூடாது. சூரியனின் தடம் படத்தில் தங்கிவிடும்.

எப்படிப் பாதுகாப்பது?

கடலில் இந்தக் கேமராவுக்கு முதல் எதிரி உப்பு. அலைத்துளி வில்லையில் தெறிக்கிறது. நீர் காய்கிறது. உப்பு தங்குகிறது. நாளுக்கு நாள் உப்புப் படிந்து படம் மங்குகிறது. மெதுவாக மங்குவதால் யாரும் கவனிப்பதில்லை. ஆபத்து வரும் இரவில்தான் கேமரா குருடாகிவிட்டது தெரியும். அப்போது தெரிந்து என்ன பயன்?

கரைக்கு வந்ததும் இளைஞர் ஒரு துணியை எடுத்தார். காய்ந்த உப்பைத் துடைக்கப் போனார். சராங்கு அவர் கையைப் பிடித்தார்.

"தம்பி, உப்பு மணல் மாதிரி. உலர்ந்த துணியால தேய்ச்சா வில்லையில் கீறல் விழும். வில்லை மேல மெல்லிய பூச்சு இருக்கு. அது போனா போனதுதான். முதல்ல நல்ல தண்ணீரை ஊற்று. உப்பு கரையட்டும்."

சுத்தம் செய்யும் முறை இதுதான்:

• முதலில் நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்ற வேண்டும். வேகமாகப் பீய்ச்சி அடிக்கக் கூடாது.
• எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் தண்ணீரில் கொஞ்சம் சோப்பு கலந்து கழுவலாம்.
• பிறகு மென்மையான பருத்தித் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். அழுத்தித் தேய்க்கக் கூடாது.
• பெட்ரோல், தின்னர், துலக்கும் பொடி எதுவும் கூடாது. நகத்தால் சுரண்டக் கூடாது.
• வேலை முடிந்ததும் வில்லை வெளியே தெரியாதபடி கேமராவைத் திருப்பி நிறுத்த வேண்டும். இதற்குத் தனிப் பொத்தான் உண்டு. கையால் பிடித்துத் திருகக் கூடாது.
• வயர்கள் சேரும் இடங்களைப் பார்க்க வேண்டும். பச்சை பூத்திருந்தால் உடனே பழுது பார்ப்பவரிடம் சொல்ல வேண்டும்.
• கேமராவின் உடலைத் திறக்கக் கூடாது. ஈரம் புகாதபடி அதை அடைத்திருக்கிறார்கள்.

இன்னும் ஒரு நல்ல பழக்கம் உண்டு. படகு கரையில் இருக்கும்போது ஒருவர் துறையின் கடைசியில் போய் நிற்க வேண்டும். மற்றவர் அவரைத் திரையில் பார்க்க வேண்டும். தெளிவாகத் தெரிகிறாரா, மங்கலாகத் தெரிகிறாரா? தேதி போட்டு ஒரு நோட்டில் எழுத வேண்டும். வாரம் ஒரு முறை இப்படிச் செய்தால் போதும். படம் மங்கத் தொடங்குவது முன்னாலேயே தெரிந்துவிடும்.

எதைப் பார்க்காது?

வெப்பக் கேமரா மந்திரக் கண் அல்ல. தண்ணீருக்கு அடியில் இருப்பதை அது காட்டாது. கனமழையிலும் அடர்ந்த மூடுபனியிலும் அதன் பார்வை குறுகிவிடும். ஒரு பொருள் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று அது தானாகச் சொல்லாது. சூரியன் உதிக்கும்போதும் மறையும்போதும் பாறையும் நீரும் ஒரே சூட்டுக்கு வரும். அப்போது பாறை சரியாகத் தெரியாது.

முக்கியமான ஒன்று. வெப்பக் கேமரா வெளிச்சத்தைப் பார்ப்பதில்லை. கடலில் தத்தளிப்பவர் கையில் டார்ச் விளக்கு வைத்து ஆட்டினாலும் அந்த ஒளி திரையில் தெரியாது. மனிதக் கண்ணுக்குத்தான் தெரியும். அவர் விசில் ஊதினால் மனிதக் காதுக்குத்தான் கேட்கும். அதனால் ஒருவர் திரையைப் பார்க்கும்போது, இன்னொருவர் வெளியே நின்று கடலைப் பார்க்க வேண்டும். காது கொடுத்துக் கேட்க வேண்டும்.

கடலுக்குப் போகும் மீனவர்களும் ஒன்றை நினைவில் வையுங்கள். படகு கவிழ்ந்தால் தனித்தனியாக நீந்திப் போகாதீர்கள். கவிழ்ந்த படகைப் பிடித்துக்கொண்டு ஒன்றாக இருங்கள். முடிந்தால் அதன் மேல் ஏறிக்கொள்ளுங்கள். ஒரு தலையைவிட ஐந்து தலைகள் எளிதில் தெரியும். நீரில் இருக்கும் உடலைவிட நீருக்கு மேலே இருக்கும் உடல் இன்னும் நன்றாகத் தெரியும். உயிர்காப்புச் சட்டை தலையை நீருக்கு மேலே நிறுத்தும். அதை அணியாமல் கடலுக்குப் போகாதீர்கள். கடலில் ஆபத்து என்றால் கடலோரக் காவல்படைக்குச் சொல்லுங்கள். தொலைபேசி எண் 1554.

அந்த இளைஞர் இப்போது தினமும் மாலையில் ஒரு குடம் நல்ல தண்ணீரோடு மேலே ஏறுகிறார். வில்லையைக் கழுவுகிறார். துணியால் ஒற்றுகிறார். நோட்டில் எழுதுகிறார். பத்து நிமிட வேலைதான். ஒருநாள் அவர் கேட்டார்: "அண்ணே, ஒரு மாசமா கடல்ல யாரும் விழலை. இன்னிக்கும் கழுவணுமா?"

சராங்கு சொன்னார்: "விழுகிறவர் நாள் சொல்லிட்டு விழ மாட்டார் தம்பி. கழுவு."