பாட்டு பெரியவர்களுடையது, பேச்சு பிள்ளைகளுடையது

கதை சொல்ல நேரமில்லை என்று நாம் சொல்கிறோம். கேரளத்தில் பாலக்காட்டுப் பக்கத்துப் பத்ரகாளி கோயில்களிலோ, எதிரே ஆளே உட்காராவிட்டாலும் விடிய விடியக் கதை நடக்கிறது. அதுதான் தோல்பாவைக்கூத்து என்னும் நிழல்பாவை ஆட்டம். ராமனும் ராவணனும் மோதியபோது காளி தாரிகாசுரனோடு போரிட்டுக்கொண்டிருந்தாளாம். அந்த யுத்தத்தைப் பார்க்கக் கொடுத்துவைக்காத அம்மனுக்காகவே ஆண்டுதோறும் கூத்து. கூத்துமாடம் என்னும் கூத்து மேடையில் 21 விளக்குகள் எரியும். கோயிலைப் பொறுத்து ஏழு இரவும் நடக்கும், 71 இரவும் நடக்கும்.

அங்கே பாடுவது எது தெரியுமா? நம் கம்பராமாயணம்!

ஷொர்ணூர் அருகே கூனத்தறையில் இந்தக் கலையைக் காத்துவரும் குடும்பத்தைச் சேர்ந்த ராமச்சந்திரப் புலவருக்கு 2021இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. அவருடைய மகள் ரஜிதா பெண்கள் குழு ஒன்றையே உருவாக்கியிருக்கிறார்.

இவர்கள் கதையைக் கைமாற்றும் விதம் கவனிக்கத்தக்கது. செய்யுளை மனப்பாடம் செய்ய வேண்டும். ஆனால் பாடி முடித்ததும் பாவைகள் பேசத் தொடங்கும்; கேள்வி கேட்கும், வாதாடும், கிளைக்கதை சொல்லும். எவ்வளவு விரிப்பது என்பது பாவையாட்டும் புலவரின் திறமை. அதாவது, பாட்டு முன்னோர் தந்தது. பேச்சு அவரவர் சொந்தம்.

இப்படிக் கதை கைமாறுவது இங்கே மட்டுமல்ல. இடுக்கி மலைக்குப் போனால் மன்னான் பழங்குடியினர் கூத்தில் கோவலன், கண்ணகி கதையைப் பாடி ஆடுகிறார்கள். தமிழோடு ஒட்டிய மொழி அவர்களுடையது. ஏட்டைப் பார்த்துக் கற்ற கதையல்ல, காதால் கேட்டுக் கற்ற கதை.

வகுப்பில் ‘வாய்மொழி மரபு’ என்று பாடம் எழுதிப்போட்டால் கதை பிள்ளையிடம் போய்ச் சேராது. கேட்டதைத் திருப்பிச் சொல்லும்போதுதான் அது அவன் கதையாகிறது.

ஆகவே பெற்றோரே, ஆசிரியர்களே, இன்று ராத்திரி பிள்ளையைப் பாட்டியிடம் ஒரு கதை கேட்கச் சொல்லுங்கள். நாளை அதே கதையைப் பிள்ளை உங்களுக்குச் சொல்லட்டும். இடையில் அவன் புதிதாக ஏதாவது சேர்த்தால் திருத்தாதீர்கள். “அப்புறம்?” என்று மட்டும் கேளுங்கள்.